நடுக்கூடத்துக் கிணறு

மழை பிடித்தால் எங்கள் கூடத்தில் பாசி வாடை அடிக்கிறது. திண்டிவனம் பக்கத்தில் இருந்த நிலக்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையை அப்பா மனை போட்டு விற்றார். தூர்த்த கிணறு இருந்த மனையை மட்டும் யாரும் வாங்காததால், அதில் நாங்களே வீடு கட்டினோம். அந்த வாடை வந்தாலே, சின்ன வயதில் மோட்டார் நின்ற மத்தியானங்களில் அந்தக் கிணற்றுக்குள் குனிந்து என் பெயரையே நான் கத்தியதும், அது கல்லுக்குக் கல் மோதி நிதானமாய் மேலேறி வந்ததும், பொந்துப் புறாக்கள் படபடத்ததும் காதுக்குள் கேட்கின்றன. அம்மா இன்றும் நடுக்கூடத்தில் கால் வைக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போகிறாள், நான் சிரிப்பேன்.

நேற்று மழையில் என் மகள் அங்கே தரையில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க?" என்றேன்.

"கீழ ஒரு பையன் உன் பேர சொல்லிக் கூப்ட்டுக்கினே இருக்கான்பா."