எழுதியவர் என்ற கட்டம்

காலை 9.50. காப்பகத்தின் பூட்டைத் திறக்கச் சாவியை எடுத்தபோது முதலில் கண்ணில் பட்டது சிவப்பு. கதவருகே நின்ற பெண்ணின் கையிலிருந்த தாள்களில் பத்தி பத்தியாகச் சிவப்பு வண்ணம் ஏற்றப்பட்டிருந்தது. இன்னொரு கையில் ஹெல்மெட்.

“ஆர்க்கைவ்ஸ் இன்சார்ஜ் நீங்கதானே சார்? என் எம்.ஃபில். தீஸிஸ் இங்க இருக்கான்னு பார்க்கணும். நான் காப்பி அடிச்சுட்டேன்னு சொல்றாங்க.”

“யார்கிட்டேருந்து?”

“என்கிட்டேருந்தேதான் சார்.”

நாளிதழ் ஒன்றில் துணையாசிரியராக இருந்து வெளியே வந்தபின், திருச்சியில் ஒரு கல்லூரியின் ஆவணக் காப்பகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டேன். இப்போது அதையும் விட்டாயிற்று. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக அந்த ஒரு வாரத்தை மட்டும் எழுதுகிறேன்.

வந்தவர் பெயர் செல்வராணி. லால்குடிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் கல்லூரியில் தமிழ் எம்.ஃபில். முடித்தவர். இப்போது மன்னார்புரத்தில் குடியிருந்து, வேறொரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வேலை செய்கிறார். பகுதி நேரமாகப் பிஎச்.டி. முடித்து ஆய்வேட்டைக் கொடுக்கப் போயிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் அதைக் கணினியில் போட்டு ஒப்புமை பார்த்திருக்கிறார்கள். இரண்டு அத்தியாயங்கள் முழுக்கச் சிவப்பாக வந்துவிட்டன. எழுத்துத் திருட்டு என்று கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டும், இல்லையேல் பதிவு ரத்து. அன்று செவ்வாய்.

தன் பழைய ஆய்வின் மேல் புது ஆய்வைக் கட்டுவது குற்றமல்ல. எழுதியவர் ஒருவரே என்றால் அந்தப் பக்கங்களைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். இங்கே கழிக்கவில்லை. ஏனென்றால் எங்கள் கல்லூரி இணையதளத்தில் செல்வராணியின் எம்.ஃபில். ஆய்வேட்டுக்கு நேரே இப்படி இருந்தது: ‘எழுதியவர்: பேராசிரியர் வரதன்.’

வரதன் அவருடைய நெறியாளர்.

அலமாரியில் இருந்தது

கல்லூரிக் காப்பகம் என்றால் நிறுவனர் படமும் பட்டமளிப்பு விழா ஆல்பமும்தான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் சேரும் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் அலமாரிகளில் இருந்ததைச் சொல்கிறேன். காவிரிக் கரைச் செடிகளை அழுத்திக் காயவைத்து ஒட்டிய தாவரவியல் மாணவர்களின் அட்டைகள். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைத் தொழிலாளிகளின் பேச்சைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள். விடுதி மாணவர்கள் கையால் எழுதிப் படம் வரைந்து வாரம் ஒன்றாக வெளியிட்ட ஒற்றைப் பிரதிப் பத்திரிகை. கைலாசபுரத்துப் பிள்ளை ஒருவன், தன் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் ஷிப்ட் நேரத்தையும் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டிய பொருளியல் ப்ராஜெக்ட். மேடையேறாத நாடகங்கள். தோற்றுப்போன சோதனைகளையும் மறைக்காமல் எழுதிய வேதியியல் ரெக்கார்டுகள். பேராசிரியர்களின் நூல்களும் இருந்தன. அவை ஓர் அலமாரி. மீதி எல்லாம் மாணவர்கள் செய்தவை.

செல்வராணியின் ஆய்வேடு அரக்கு நிற ரெக்ஸின் கட்டில், வைத்த இடத்திலேயே இருந்தது. ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டும் பெண்களின் தொழிற்சொற்கள் பற்றியது. உதிரி, கண்ணி, சரம் எனத் தொடங்கி நூற்றுக்கணக்கான சொற்கள். எந்தப் பெண் எந்தச் சொல்லை எப்போது சொன்னார் என்ற குறிப்புடன். முகப்புத் தாளில் அவர் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. நெறியாளர் பெயர் அதற்குக் கீழே சிறிய எழுத்தில்.

ஆய்வுமுறை பற்றிய அத்தியாயத்தைப் புரட்டினேன். ஒரு பத்தியில் கண் நின்றது.

‘களப்பணியின்போது ஆய்வாளர் ஏழு மாதக் கர்ப்பிணி. தரையில் அமர இயலாமையால் தகவலாளிகள் பூக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அமர வைத்தனர். இதன் விளைவாக அவர்கள் தொழிலைவிடப் பிரசவத்தைப் பற்றியே அதிகம் பேசினர். அப்பேச்சு தரவில் சேர்க்கப்படவில்லை.’

இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். அதே பத்தி அங்கேயும் ஓர் எழுத்து மாறாமல் இருந்தது. மேலே பேராசிரியர் வரதனின் பெயர், பக்கத்தில் அவருடைய வண்ணப் புகைப்படம், மீசையுடன்.

பத்திரிகையில் மாவட்ட நிருபர்களின் பெயரை விட்டுவிட்டு ‘நமது நிருபர்’ என்று போடுவது அன்றாடம் நடந்தது. அது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் முசிறியிலிருந்து ஒருவர் அனுப்பிய செய்தியில் ஆசிரியர் தன் பெயரைப் போட்டுக்கொண்டதை நான் பார்த்ததில்லை. நாங்கள் ஒன்றும் உத்தமர்கள் அல்ல. அதற்கான துணிச்சல் யாருக்கும் வரவில்லை, அவ்வளவுதான்.

சேவ் ஆகாது

இணையக் காப்பகத்தைக் கவனித்தவர் ரகு. கணினித் துறை ஆசிரியர், நல்ல பையன். நான் சேருவதற்கு முன்பே ஓர் ஏஜென்சியை வைத்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டிருந்தார்கள்.

“எழுதியவர்ங்கற கட்டத்துல ஐ.டி. நம்பர் போடணும் சார். ஸ்டாஃபுக்குத்தான் ஐ.டி. உண்டு. படிச்சு முடிச்சுப் போன பிள்ளைங்களுக்கு ஏது? ஐ.டி. இல்லாம சேவ் ஆகாது. அதனால கைடு நம்பரைப் போட்டுட்டாங்க.”

“எல்லாத்துக்குமா?”

“எல்லா ஆய்வேட்டுக்கும்தான்.”

“சேவ் ஆகலைன்னா பக்கத்து வீட்டுக்காரர் பேர்ல நிலத்தை எழுதி வைப்பீங்களா ரகு?”

“ஐயோ சார், காலையிலேயே ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அந்த நம்பர் நேரா ஸ்டாஃப் பக்கத்துல ‘ஆய்வு வெளியீடுகள்’னு ஏறிடும் சார். அதை வெச்சுத்தான் தர மதிப்பீட்டுக்கு ரிப்போர்ட் போயிருக்கு. அடுத்த மாசம் டீம் வருது. பிரின்சிபால் மேடம் சொல்லாம நான் கை வைக்க முடியாது.”

அப்போதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. கட்டம் நிரம்பவில்லை என்பதற்காகச் செய்த அவசர வேலை என்றால் மன்னித்துவிடலாம். அதன் பலனை எடுத்துக் கணக்கில் சேர்த்து, அந்தக் கணக்கைக் காட்டிக் கல்லூரிக்குத் தரம் கேட்டிருக்கிறார்கள். பிழை எப்போது பயன் தர ஆரம்பிக்கிறதோ, அப்போதே அதைத் திருத்த ஆளில்லாமல் போய்விடுகிறது.

உத்திர வீதி

வரதன் ஓய்வு பெற்றவர். ஒரு வரி எழுதித் தந்தால் முதல்வரிடம் பேசுவது எளிது என்று, புதன்கிழமை மாலை செல்வராணியும் நானும் ஸ்ரீரங்கம் போனோம். வீடு உத்திர வீதியில். பேராசிரியர் அன்பாகத்தான் வரவேற்றார். காபி வந்தது. விஷயத்தைச் சொன்னோம்.

“நான் போடச் சொல்லலையே. யாரோ பண்ணினதுக்கு நான் ஏன் எழுதித் தரணும்? தப்பு பண்ணினவன் நான்னு ஆயிடாதோ?”

“நீங்க பண்ணலைன்னுதான் சார் எழுதித் தரப் போறீங்க” என்றேன்.

“அப்படிச் சொல்ல முடியாது, ஸ்வாமி. ஒரு ஆய்வுன்னா அதுல கைடோட பங்கு இல்லையா? இந்தப் பொண்ணோட ட்ராஃப்ட்ல வரிக்கு வரி நான் திருத்தியிருக்கேன்.”

செல்வராணி காபித் தம்ளரைக் கீழே வைத்தார். “சார், ரெண்டாவது அத்தியாயத்தை நீங்க பஸ்ல தொலைச்சுட்டீங்க. நான் முதல்லேருந்து மறுபடி எழுதிக் குடுத்தேன். அதைத் திருத்தக்கூட இல்லை சார். ‘சரியாத்தான் இருக்கும், பைண்டிங் குடுத்துடு’ன்னீங்க.”

பேராசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஏதோ குழந்தை பேசுகிறது என்பதுபோல. உள்ளே நின்றிருந்த அவர் மனைவி வெளியே வந்தார். செல்வராணியை உற்றுப் பார்த்தார்.

“ஏன்னா, இது அந்தப் பொண்ணுன்னா! வயித்தைத் தள்ளிண்டு பூக்காராளோட வெயில்ல உக்காந்துண்டிருப்பாளே. நான்தானே ஒரு நாள் ஆத்துக்குக் கூட்டிண்டு வந்து மோர் குடுத்தேன். அப்போ நீங்க ஊஞ்சல்ல படுத்துண்டிருந்தேள். ‘யாருடி அது’ன்னு கேட்டேள்.”

பேராசிரியர் ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்.

“என்ன குழந்தைம்மா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“பொண்ணு மாமி.”

“பெருமாள் நன்னா வெச்சிருப்பார். ஏன்னா, பேனா அந்த அலமாரியில இருக்கு.”

வரதன் அன்று எழுதவில்லை. யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார். மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. லெட்டர்ஹெட்டில் ஒரே வரி: ‘மேற்படி ஆய்வேட்டில் செல்வி./திருமதி. செல்வராணியின் பெயரைக் குறிப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.’ ஆட்சேபம் இல்லையாம். தன் வீட்டு மாடியை ஒருவருக்கு வாடகைக்கு விடச் சம்மதிப்பது போல எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இன்று நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது. ஆனால் எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல்வர் அறை

வியாழன் மதியம் முதல்வர் அறையில் நான்கு பேர் இருந்தோம்: முதல்வர் மேடம், ரகு, செல்வராணி, நான்.

“தனியா ஒரு சர்டிஃபிகேட் குடுத்துடலாம் சார். வெப்சைட்டைத் தொட வேண்டாம்” என்றார் மேடம்.

“பல்கலைக்கழகம் வெப்சைட்டைத்தான் பார்க்குது மேடம். காகிதம் ஒண்ணு சொல்லி, சைட்டு ஒண்ணு சொன்னா, காகிதத்தைத்தான் சந்தேகப்படுவாங்க.”

“ஒண்ணை மாத்தினா மத்தவங்களும் வருவாங்க.”

“வரட்டும் மேடம். அவங்க எழுதினதுதானே.”

“நீங்க பேப்பர்காரர். எதைப் பார்த்தாலும் உங்களுக்குத் தலைப்புச் செய்தியாத்தான் தெரியும்.”

தலைப்புச் செய்தி என்றதும், ஆய்வேட்டை விரித்து அந்தப் பத்தியைப் படித்தேன். செய்தி வாசிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல். படித்து முடித்துவிட்டு, “நம்ம சைட்டுப்படி, ஏழு மாதக் கர்ப்பிணி பேராசிரியர் வரதன். வர்ற டீம்ல யாராவது தமிழ் தெரிஞ்சவங்க இருந்தா முதல் கேள்வி இதுதான் மேடம்” என்றேன்.

ரகு சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்துத் தோற்றார். மேடம் சிரிக்கவில்லை. ஆய்வேட்டை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு முறை படித்தார்.

“எந்த மாசம்மா இது?”

“சித்திரைத் தேர் சமயம் மேடம். அந்த வாரம்தான் எல்லாப் பெண்களையும் ஒரே இடத்துல பிடிக்க முடியும்.”

“அந்த வெயில்லயா?”

“ஆமா மேடம்.”

மேடம் ஆய்வேட்டை மூடிச் செல்வராணியின் பக்கம் நகர்த்தினார். “ரகு, இதை மட்டும் மாத்துங்க.”

ரகு அங்கேயே மடிக்கணினியைத் திறந்தார். செல்வராணிக்கு ஒரு தற்காலிக எண் உருவாக்கினார். சேவ் ஆனது. முதல்வர் மேடம் தன் காபியைக் குடித்து முடிக்கும் முன் வேலை முடிந்துவிட்டது. இத்தனை காலமும் முடியாது என்று சொல்லப்பட்ட வேலை அது.

வெள்ளிக்கிழமை செல்வராணி விளக்கத்தைக் கொடுத்தார். மறுபடி ஒப்புமை பார்த்தார்கள். சிவப்புப் போய்விட்டது. அவருடைய ஆய்வேடு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பப்பட்டது. “இப்ப யாராச்சும் என் பேரைக் கூகுள் பண்ணினா நான் எழுதினது வருது சார்” என்று போனில் சொன்னார். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய பொருள் அவருக்குத் திரும்பியிருந்தது, அவ்வளவே.

‘இதை மட்டும்’ என்ற சொல் என்னை விடவில்லை. அலமாரி அலமாரியாக முகப்புத் தாளையும் இணையப் பக்கத்தையும் ஒப்பிட்டு, பெயர் மாறியிருந்த ஆய்வேடுகளை எல்லாம் பட்டியலிட்டு எழுத்தில் முதல்வருக்குக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிய மாணவரின் பெயர். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: கணினி என்ன கேட்கிறது என்று பார்க்காதீர்கள், முகப்புத் தாளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெயரை அங்கிருந்து எடுங்கள். கட்டத்தில் அடங்கவில்லை என்றால் கட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். நிச்சயம் மாற்றலாம்.

என் குறிப்புக்குப் பதில் வரவில்லை. தர மதிப்பீட்டுக் குழு வந்து போனபின் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி மாணவர்கள் ஆய்வேட்டின் பிரதியைக் காப்பகத்தில் ஒப்படைக்கத் தேவையில்லை. துறையில் ஒரு சி.டி. கொடுத்தால் போதும் என்றது அது.

துறைகளில் இருந்த கணினிகள் எதிலும் சி.டி. போடும் வசதி கிடையாது.