தலையெண்ணும் நாள்

நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த கூட்டத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து, மலைத்தோட்டத்துப் பிள்ளைகளுக்காகவே நான் வாழ்க்கையைக் கொடுத்துவிட்டதாகப் பேசினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு கோபத்தை யாரிடம் காட்டுவது? பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்க்கையைக் கொடுத்தது நான் இல்லை. அது யார் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து பீர்மேட்டுக்குப் பாட்டு டீச்சராகப் போனேன். அப்போது எனக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அப்பா போன பிறகு அண்ணா வீட்டில் இருந்தேன். அடுக்களையில் நான் ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தால் மன்னி ஒன்றும் சொல்ல மாட்டாள், சத்தமில்லாமல் அதைப் பழைய இடத்துக்கே திருப்பி வைப்பாள். நாலு வருஷம் அதைப் பார்த்தவளுக்கு எந்த மலையாக இருந்தாலும் சரி என்றிருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம், தமிழ்ப் பிரிவு, தற்காலிக வேலை என்று சொன்னார்கள். சுருதிப்பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

போன முதல் வருஷம் அந்த ஊரையும் பிள்ளைகளையும் எனக்குப் பிடிக்கவே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் நிற்பவள் பேசுவது கேட்காது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வரும் பிள்ளைகள் ஈரத்தோடு பெஞ்சில் உட்காருவார்கள், வகுப்பு முழுக்கக் கரிப்புகை வாசம் அடிக்கும். ஆறு மாதமாகியும் அவர்கள் வாயில் ஒரு ‘ஸ’ நிற்கவில்லை. ஆளுக்கொரு ‘ஸ’ வைத்திருந்தார்கள். கத்தினேன், ஸ்கேலால் மேஜையைத் தட்டினேன். கணக்கு டீச்சர் வராத நாளில் பிள்ளைகளை மேய்க்க ஓர் ஆள் என்றுதான் தலைமையாசிரியரான ஹெட்மாஷும் என்னை வைத்திருந்தார்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வழியப் படிய வாரிய தலை. குரல் மட்டும் வகுப்பையே இழுத்துக்கொண்டு போகிற அளவுக்குப் பெரிசு, அதிலே துளி சுருதி கிடையாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையும் கெட்டுப்போகும். ஒரு நாள் எனக்குப் பொறுமை போயிற்று.

“ஏண்டி கொழந்தே, நீ பாட வேண்டாம். இங்கே வா. இந்தப் பெட்டியைப் போடு. ஒனக்கு வாய் வேண்டாம், கையே போறும்” என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் பெட்டி முன்னால் வந்து உட்கார்ந்தவள் அதற்குப் பிறகு என் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. துருத்தியை எப்படி அழுத்துவது, காற்று தீருமுன் எப்படி விடுவது என்று ஒரு தடவைதான் காட்டினேன். நாலே நாளில் என்னைவிட நன்றாகப் போட்டாள். சுருதி ஓர் இடத்தில்கூட அறுபடாது. மழைச் சத்தத்தில் பெட்டி கேட்காமல் போகும்போதும் அவள் நிறுத்த மாட்டாள். மழை சற்றுத் தணியும்போது பார்த்தால் சுருதி அங்கேயே இருக்கும். பிள்ளைகள் தங்கள் குரலைக் கொண்டுபோய் அதில் ஒட்டிப் பார்ப்பார்கள். நான் கத்தி வராதது அப்படித்தான் மெல்ல மெல்ல வந்தது.

தை மாதத்தில் ஒரு பிற்பகல், நாற்பது பிள்ளைகளும் ஒரே ‘ஸ’வில் வந்து நின்றார்கள். யாருமே எதிர்பார்க்கவில்லை. தங்கள் சத்தம்தானா என்று அவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெட்டி முன்னால் இருந்தவள் என்னைப் பார்த்துப் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டினாள். அன்றைக்குத்தான் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. இங்கே நான் வைத்த டம்ளரை யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அதன் பிறகு பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு நீளமாகத் தெரிந்தது.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்ததும் ஹெட்மாஷ் என்னைக் கூப்பிட்டார். அவர் மலையாளி, எங்களோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

“டீச்சரே, ஆறாம் பிரவர்த்தி திவசம் ஆபீசர் வரும். தல எண்ணும். எண்ணம் கொறஞ்சா டீச்சரோட போஸ்ட் போகும். மத்தவங்களுக்கு ஒண்ணும் பயப்படண்டாம்.”

கேரளத்துப் பள்ளிகளில் அது வழக்கம். பள்ளி திறந்த ஆறாம் நாள் கல்வி ஆபீசிலிருந்து ஆள் வந்து பிள்ளைகளை நேரில் எண்ணுவார். ரிஜிஸ்டரில் இருக்கும் பெயர் உதவாது, உட்கார்ந்திருக்கும் தலைதான் கணக்கு. அதை வைத்துத்தான் அந்த வருஷம் எத்தனை டீச்சர் என்று முடிவாகும். பிள்ளைகள் குறைந்தால் முதலில் போவது பாட்டு டீச்சர்தான்.

கல்பாத்திக்குத் திரும்பினால் மறுபடியும் மன்னியின் அடுக்களைதான். ஐந்தாம் நாள் சாயங்காலம், சொல்லக் கூடாததைப் பிள்ளைகளிடம் சொன்னேன். “நாளைக்கு எல்லாரும் வரணும், கேட்டேளா? ஒருத்தர் கொறஞ்சாலும் நான் இங்கே இருக்க மாட்டேன். என்னை ஊருக்கு அனுப்பிடுவா.” பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். பெட்டி முன்னால் இருந்தவள் இருமினாள்.

மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு லைன் லைனாகப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டினேன். அவள் வீட்டு வாசலில் அவளுடைய அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட நின்றாள்.

“டீச்சரம்மா, பிள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல். மேலு கொதிக்கி. இன்னிக்கு விட்ருங்களேன்.”

உள்ளே போனேன். அவள் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. காய்ச்சல் என்று எனக்குத் தெரியாது என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம். என் கையால் தொட்டுப் பார்த்தேன்.

“ஒரு மணி நேரமாக்கும். எண்ணி முடிஞ்சதும் நானே கொண்டுவந்து விட்டுடறேன். சத்தியமா” என்றேன்.

“நான் போறேம்மா. நான் இல்லாட்டி பொட்டி யாரு போடுவா?” என்றாள் அவள். அம்மா என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்தாள். தூரத்தில் சங்கு ஊதியது, அவளுக்கு நேரமாகிவிட்டது. சாக்கை எடுத்து மகள் தலையில் கவிழ்த்துவிட்டு நடந்தாள்.

பத்து மணிக்கு வர வேண்டிய ஆபீசர் வரவில்லை. மலைப்பாதையில் எங்கோ மண் சரிந்து ஜீப் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. மத்தியானம் ஹெட்மாஷிடம் போய், காய்ச்சல்காரப் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். “இப்போ விட்டா ஆபீசர் வரும்போ யாரை எண்ணும் டீச்சரே?” என்றார். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்திருந்தால் என்னை யார் தடுத்திருப்பார்கள்? திரும்பி வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் கலையாமல் இருக்கப் பாடச் சொன்னேன். ஈரப் பாவாடையோடு அவள் சுருதி போட்டாள். இரண்டு மணி வாக்கில் சுருதி தொய்ந்தது.

“என்னடி இது, ஒழுங்காப் போடு” என்று அதட்டினேன். அவள் இன்னொரு கையையும் வைத்து அழுத்தினாள்.

மூன்று மணிக்கு மேல் ஆபீசர் வந்தார். பென்சிலால் காற்றில் குத்திக் குத்தி எண்ணினார். எல்லா வகுப்பும் முடிய கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மற்ற வகுப்புகளின் கடைசி பெஞ்சுகளில் எனக்குத் தெரியாத முகங்கள் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆபீசர் போன பிறகு ஹெட்மாஷ் சிரித்துக்கொண்டே வந்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலையிலேயே ஜீப்பில் பிள்ளைகளை வரவழைத்து உட்கார வைத்திருந்தாராம்.

“டீச்சர் பயந்தது வெறுதே. வேண்டிய எண்ணம் கழிஞ்சு நாலு தல கூடுதல் உண்டு.”

அவள் கை அப்போது என் கையில் இருந்தது. அடுப்பு மாதிரி சுட்டது.

அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா வேலையிலிருந்து வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் கலக்கி மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஜன்னி கண்டு, கொழுந்து லாரியில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அதே லாரியில் கொண்டு வந்துவிட்டார்கள். மழையிலேயே அடக்கம் செய்தார்கள். நான் தள்ளி ஒரு மரத்தடியில் நின்றேன். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் சுருதிப்பெட்டியைத் துணியிலிருந்து பிரிக்கவில்லை. பாட்டு வகுப்பில் பிள்ளைகளைக் காப்பி எழுதச் சொன்னேன். அந்தச் சமயத்தில் அண்ணாவிடமிருந்து கடிதம் வந்தது. பாலக்காட்டிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை காலியாக இருக்கிறது, உடனே வா என்று எழுதியிருந்தார். போய்விடுவதென்று முடிவு செய்தேன். போகும் முன் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உன் பிள்ளை வந்திருக்கவே வேண்டாம், நாலு தலை மிச்சம் இருந்தது என்று சொல்லி, அவள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன்.

அவள் பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். நான் வாயெடுக்கும் முன் அவளே பேசினாள்.

“வீட்ல ஓயாம பாடுவா டீச்சர். தண்ணி எடுக்கப் போனா பாட்டு, அடுப்பு ஊதுனா பாட்டு. காது புளிச்சிரும். பள்ளிக்கூடத்துல மட்டும் பாட மாட்டாளாம். ‘டீச்சர் என்னயப் பாட வேண்டாம்னுட்டாக, பொட்டி போட வேற ஆளு இல்லல்லா’ன்னு பெருமையாச் சொல்லுவா.”

டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அன்னிக்கும் நாந்தான் போகாதன்னேன். ‘ஒரு ஆளு கொறஞ்சா டீச்சர ஊருக்கு அனுப்பிருவாகம்மா’ன்னு அழுதா. அவ வந்ததாலதான நீங்க இங்க இருக்கீக? அது ஒண்ணுதான் டீச்சர் எனக்கு மிச்சம். இல்லன்னா எம் பிள்ளை எதுக்குப் போனா?”

“ஆமாம்” என்றேன். “அவளாலதான் இருக்கேன்” என்றேன். அறைக்கு வந்து அண்ணாவின் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் பெட்டியைப் பிரித்து நானே சுருதி போட்டேன். பிள்ளைகள் ‘ஸ’வை மறந்திருக்கவில்லை.

அடுத்த ஜூன், ஆறாம் நாள் காலை, அந்த அம்மா கொழுந்துக் கூடையோடு பள்ளிக்கூடத்து வராந்தாவில் வந்து நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய சின்ன மகள், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காதில் பஞ்சு, கழுத்தில் துணி சுற்றி நன்றாக மூடிக் கூட்டி வந்திருந்தாள்.

“இன்னிக்குத் தல எண்ணுத நாளுல்லா. அக்கா எடம் காலியா கெடக்கக் கூடாதுன்னு நானே கூட்டியாந்தேன்.”

சின்னவளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. உள்ளே வந்ததும் அவள் நேராகப் பெட்டிக்குப் போனாள்.

“எங்கக்கா போட்ட பொட்டி இதுதானா டீச்சர்? நான் போடட்டா?”

“வேண்டாம். அதை நான் போடறேன். நீ வாயைத் திறந்து பாடு.”

பாடினாள். அதே பெரிய குரல், அதே போலத் துளி சுருதி இல்லை. பக்கத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை, அவள் பாட்டுக்குப் பாடட்டும் என்று துருத்தியை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆபீசர் நேரத்துக்கு வந்தார். கடைசி பெஞ்சுகளில் அந்த வருஷமும் எனக்குத் தெரியாத முகங்கள் இருந்தன. எண்ணி முடித்து அவர் போன பிறகு நான் வெளியே வந்தேன். அரை நாள் வேலையை விட்டுவிட்டு அந்த அம்மா வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“எண்ணிட்டாகளா டீச்சர்? சரியா இருந்துச்சா?”

“சரியா இருந்தது. ஒண்ணு கொறஞ்சிருந்தாலும் நான் போயிருக்கணும்” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். சின்னவள் பள்ளியை முடிக்கும் வரை ஒவ்வொரு ஜூனிலும் அவள் வந்து அதையேதான் கேட்டாள். நானும் அதையேதான் சொன்னேன்.