வல்லாரைக் கஞ்சியும் அம்மிச் சத்தமும்

எங்களுக்குக் கலியாணமாகி மூன்றாம் வருடம், தேயிலைத் தோட்டத்து மருந்துக் காம்பராவில் டாக்டரய்யா என் மனைவியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அவர் படித்தது என்ன படிப்போ, யாருக்கும் தெரியாது. எந்த வியாதிக்கும் அதே சிவப்புத் தண்ணீர் மருந்துதான். ஆனால் இமை பார்ப்பதில் மனுசன் கெட்டிக்காரர்.

"வெள்ளை வெளேர்னு இருக்கு. வயித்துப் புள்ளைக்கு மூணு மாசமாச்சு, உடம்புல ரத்தமே இல்ல. கீரை குடு. எட்டாம் மாசம் மறுபடி பார்ப்பேன். இப்படியே இருந்தா லொறியில ஏத்தி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன்" என்றார்.

லொறி என்றதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் பிள்ளைக்கு அந்த லொறியில்தான் போனோம். தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே சாக்கை விரித்துப் படுக்க வைத்தேன். வட்டவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறுகிற பாதையில் ஏதோ ஒரு வளைவில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அது அழவே இல்லை.

"இன்னொரு தடவை அதுல ஏத்தினீங்கன்னா குதிச்சிருவேன்" என்றாள் வீட்டுக்கு வரும் வழியில். அவள் சொன்னால் செய்கிறவள்.

சரி, கீரை. சமைத்துக் கொடுத்தால் வாசனை பட்டதுமே வாந்தி எடுத்தாள். பாதையோரத்துச் சாயக்கடைச் சிங்கள முதலாளிதான் எனக்கு வழி சொன்னார். வல்லாரையைப் பச்சையாக அரைத்துச் சாறு பிழிந்து, வெந்த அரிசிக் கஞ்சியிலும் தேங்காய்ப்பாலிலும் கலக்க வேண்டும். கருப்பட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். அவர்கள் அதைக் கொலகெந்த என்கிறார்கள். அவர் தினமும் குடிப்பவர். தொந்தியைத் தட்டிச் சாட்சியும் காட்டினார்.

வல்லாரைக்கு நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. எனக்குக் கான் வெட்டுகிற வேலை. தேயிலை வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் கான்களில் மண்ணையும் புல்லையும் வழித்து எறிய வேண்டும். அந்த ஈரத்தில் வல்லாரை மண்டிக் கிடக்கும். பத்து வருடமாக அதைக் களையென்று சுரண்டி எறிந்திருக்கிறேன், முட்டாள்.

பச்சை வாடை ஆகாதென்று அவள் அம்மிப் பக்கமே வரமாட்டாள். அதனால் விடியுமுன் நானே உட்கார்ந்து அரைத்தேன். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை. சுவரோ பாதி உயரத்தோடு நின்றுவிடும். ஒரு வீட்டில் தும்மினால் பத்து வீட்டிலும் கேட்கும். ஆம்பிளை அம்மி அரைப்பது கேட்காமல் இருக்குமா?

"என்னா மாப்ள, இன்னைக்கும் மசாலா அரைக்கிறியா? நாளைக்கு நம்ம வீட்டுக்கும் கொஞ்சம் வந்துட்டுப் போ" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா கத்துவார். உறவுமுறையில் மாமா இல்லை, வாய்முறையில் மாமா. பத்து வீடும் சிரிக்கும். நான் குழவியை இன்னும் ஓங்கி உருட்டுவேன்.

என் மனைவி முதல் நாள் கோப்பையைப் பார்த்தாள். "என்னங்க இது, பெக்டரியில கொழுந்து அரைக்கிற மிசின்ல வழிஞ்ச தண்ணியா?"

"குடி புள்ள, நல்லது."

"நல்லதுன்னா நீங்க மொதல்ல குடிங்க."

குடித்தேன். அடேயப்பா! மாட்டுத் தொழுவத்தைக் கழுவி, அதில் தேங்காய்ப்பால் விட்டதுபோல் இருந்தது. முகத்தைச் சுளிக்காமல் "அமிர்தம்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மூக்கைப் பிடித்து ஒரே மடக்கில் குடித்தாள். அன்றிலிருந்து தினமும் எனக்கு ஒரு கோப்பை, அவளுக்கு ஒரு கோப்பை.

ஏழாம் மாதம் என் குட்டு உடைந்தது. வல்லாரைக்காக ஒரு கானை வெட்டாமலேயே விட்டிருந்தேன். வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை அதன் முன்னால் வந்து நின்றார்.

"என்னடா, தொரைக்குத் தெரியாம கானுக்குள்ள தோட்டம் போடுறியா?"

விசயத்தைச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. தலைக்கு மேல் நின்று, கடைசி வேர்வரைக்கும் என்னையே வழிக்க வைத்தார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மற்றக் கான்களை முன்பே வழித்துவிட்டதால் மறுநாள் அரைக்க ஒன்றுமில்லை. விழித்தே படுத்திருந்தேன், அவளும் தூங்கவில்லை. விடிந்த பிறகு லயம் முழுக்க ஒரே கூச்சல். எங்களுடையது கடைசி லயம். விடியற்காலையில் ஆளெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடத் தப்படிக்கும் சத்தம் மழைக்காலத்தில் அங்கே எட்டாது. நாலு மாதமாக எல்லோரும் என் அம்மிச் சத்தத்தைக் கேட்டுத்தான் எழுந்து பெரட்டுக்கு ஓடியிருக்கிறார்கள்! அன்று பத்து வீடும் பிந்திப்போக, கணக்கப்பிள்ளை எல்லோரையும் வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மாமா என் வாசலில் நின்று குதித்தார். "ஏன்டா அரைக்கல? சொல்லிட்டாவது நிறுத்தக் கூடாதா?"

"இலை இல்ல மாமா."

"இலையா இல்ல? இந்தத் தோட்டத்துல இலையா இல்ல?"

அன்று சாயங்காலம் என் வாசலில் ஒரு கட்டு வல்லாரை விழுந்தது. மறுநாள் மூன்று கட்டு. தலைத்துண்டில் முடிந்தும் கொழுந்துக் கூடையின் அடியில் மறைத்தும் கொண்டுவந்து, திட்டிக்கொண்டே போட்டார்கள். "அரைச்சுத் தொலை" என்பதற்கு மேல் ஒருத்தர் வாயிலும் நல்ல வார்த்தை வரவில்லை.

எட்டாம் மாதம் டாக்டரய்யா மறுபடி இமையை இழுத்தார். "செவப்பு ஏறிருக்கே! என்னா குடுத்த?" என்றார். லொறி வேண்டாம், தோட்டத்து மருத்துவிச்சியே போதும் என்று சொல்லிவிட்டார். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ஒரு விடியற்காலையில் எங்கள் காம்பராவில்தான் பிறந்தது. பெண். மருத்துவிச்சி தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். ஒரு நொடி சத்தமே இல்லை. அந்த ஒரு நொடி நான் அதே லொறியில் இருந்தேன். பிறகு வீறிட்டது பாருங்கள், கூரைத் தகரமே அதிர்ந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமா புரண்டார். "மாப்ள, என்னாடா இது? அம்மியே தேவலாமே!"

"அழுவுது மாமா" என்றேன். "நல்லாக் கேளுங்க, அழுவுது. எந்திரிச்சுப் பெரட்டுக்குப் போங்க."