மூன்று விரல்களோடு எட்டு மாதங்கள்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்வதற்கு முன்னால், நான் அவரோடு சண்டை போட்ட நாட்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2005-ல் நாங்கள் கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தோம். என் கணவருக்கு இரும்பு உருக்காலையில் வேலை. நான் வீட்டில் பியானோ சொல்லிக்கொடுப்பேன். சென்னையில் கச்சேரிகளில் வாசிப்பேன். ஒத்திகைக்குப் போகும் லோக்கல் ரயிலில் மடியின் மேலேயே பத்து விரலாலும் வாசித்துப் பார்ப்பேன். எதிரே கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்கார அம்மா சிரிப்பார். அந்தப் பயணங்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

அந்த ஜூன் மாதம், திரும்பும் வழியில், அத்திப்பட்டு தாண்டியதும் மழை அடித்தது. ஜன்னலின் இரும்பு ஷட்டரை இறக்கினேன். பிடி நழுவி அது என் கைமேல் விழுந்தது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் முறிந்துவிட்டன.

கட்டுப் பிரித்த பிறகும் இரண்டும் மடங்கவில்லை. "பயிற்சி செய்யுங்கம்மா. ஆனா பழையபடி வாசிப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். என் கச்சேரியில் வேறொருவர் வாசித்தார். மாணவர்களை நிறுத்திவிட்டேன். மூடிய பியானோவின் மேல் துவைத்த துணிகளை அடுக்கினேன். "ஆண்டவரே, விரலைத் தாரும், இல்லையென்றால் இந்த ஆசையையாவது எடுத்துவிடும்" என்று தினமும் அழுதேன். பதில் இல்லை. கோபம்தான் வளர்ந்தது.

பரீதா அக்கா மட்டும் வருவதை நிறுத்தவில்லை. பழவேற்காட்டுக்காரர், பஜாரில் அவர்களுக்குத் துணிக்கடை. நாற்பது வயதில் என்னிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்து, வாரம் இரண்டு நாள் வருபவர்.

"இன்னா டீச்சர், கைதானே ஒடைஞ்சிகீது? வாய் நல்லாத்தானே கீது? நீங்க குந்திக்கினு சொல்லுங்க, நான் வாசிக்கிறேன்."

"எனக்கு மனசே இல்லக்கா."

"உங்க சாமிகிட்ட நீங்க கேளுங்க, நானும் துவா கேக்குறேன். அதுவரைக்கும் சும்மா குந்தினு இருந்தா பேஜாருதான்."

துணிகளை அவரே எடுத்துக் கட்டிலில் போட்டார்.

முன்பெல்லாம் யாராவது தப்பாக வாசித்தால், அவர்கள் கையை விலக்கிவிட்டு நானே வாசித்துக் காட்டிவிடுவேன். இப்போது வாயால்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் பொறுமையாகக் கேட்க வேண்டும். கேட்கக் கற்றுக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு காலை. அக்கா ஒரே இடத்தில் நான்காவது முறையாகத் தப்பாக வாசித்தார். "இல்லக்கா, இங்க!" என்று என்னை மறந்து கை நீட்டி அந்தக் கட்டையை அழுத்தினேன். மோதிர விரலால்.

அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டார். "டீச்சர்... வெரல் மடங்குது!"

இருவரும் அழுதோம். அவர் அல்லாவுக்கு நன்றி சொன்னார். நான் முழங்காலில் நின்றேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு மேடை ஏறினேன். சுண்டு விரல் இன்றும் முழுதாக மடங்காது. அதன் வேலையில் பாதியை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு எந்த மாணவர் கையையும் நான் விலக்கியதில்லை.

பதில் வரவில்லையென்று கசந்துபோயிருப்பவர்களே, ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். எனக்கான உதவி வாரம் இரண்டு முறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் அது தெரியவில்லை. நான் கோபித்துக்கொண்ட நாட்களிலும் ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை. உங்களையும் கைவிடமாட்டார்.