வண்டிப்பாதையோடு நின்ற மழை

நிலக்கடலை பூத்து விழுது இறங்குகிற சமயம் அது. அப்போது மண் இளகியிருக்க வேண்டும். இறுகிக் கிடந்தால் விழுது நுனி கருகிப்போகும், பிறகு செடியில் காய் ஏது. மாரியம்மனுக்கு மாவிளக்கு வைத்துவிட்டு நானும் மனைவியும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் சாயங்காலமானால் போனில் கேட்பாள், "மழையாப்பா?" பதில் சொல்லவே சலிப்பாக இருக்கும். வானத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுவேன்.

ஒருநாள் குஜிலியம்பாறைப் பக்கமிருந்து மழை இரைச்சலோடு வந்தது. மனைவி காயப்போட்ட சோளத்தை அள்ள ஓடினாள். நான் வரப்பில் நின்று கைகூப்பினேன். எங்கள் காட்டுக்கும் பக்கத்துக் காட்டுக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை. மழை அதுவரை வந்து நின்றுவிட்டது. பாதையின் ஒரு தடம் சேறு, மறு தடம் புழுதி. கையை நீட்டினால் நனைகிறது, காலடியில் தூசி. மேற்கு வெயில் பட்டு மழை தறியில் கட்டிய பாவு மாதிரி நூல் நூலாக மின்னியது. கும்பிட்ட கையாலேயே போனை எடுத்துப் படம் பிடித்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. செத்த நேரத்தில் மழை அப்படியே வடக்கே போய்விட்டது.

படத்தைப் பார்த்ததும் மகள் கூப்பிட்டாள். "அப்பா, அம்புட்டு அழகா இருக்கு! பெருசாப் போட்டு வீட்ல மாட்டுவோம்."

மனைவி போனை என்னிடமிருந்து வாங்கி, "ஏண்டி, அந்த மழையப் பாத்துக்கிட்டே நாங்க கஞ்சி குடிக்கணுமாக்கும்?" என்றாள்.

மறுநாள் காலையில் பக்கத்துக் காட்டுக்காரர் பாதையில் நின்று கூப்பிட்டார். மாமன் முறை எனக்கு.

"என்ன மாப்ள, ஆத்தா உன் காட்டுக்கு மட்டும் குடை புடிச்சுட்டா போல?"

சிரிக்கத் தெம்பில்லை. "நான் அவளுக்கு என்ன கொற வச்சேன் மாமா?" என்றேன்.

அவர் பாதையைத் தாண்டி வந்து என் காட்டு மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தார். பிறகு, "எனக்குத்தான் ஈரம் ஆகிப்போச்சே. என் கெணத்துல கெடக்குற தண்ணிய நீ எடுத்துக்க. ஹோஸ இழுத்துப் போடு, கரண்டு போயிரும்" என்றார்.

அன்று முழுக்க நானும் மனைவியும் குனிந்து குனிந்து தண்ணீர் கட்டினோம். பாதிக் காடு நனைந்ததும் மோட்டார் வெறுங்காற்றை இழுத்தது. மீதிப் பாதி அப்படியே கிடந்தது. முதுகு நிமிரவில்லை. மகள் கேட்டிருந்தாள், "இன்னைக்கு மழையாப்பா?" வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. படம் எடுக்கவில்லை.

பொழுது சாய விளக்கேற்றி ஆத்தா முன்னால் நின்றேன். தினமும் கேட்கிற மழையைக் கேட்க வாய் வரவில்லை. விடிவதற்குள் மாமா கிணறு கொஞ்சம் ஊறட்டும் தாயே என்று மட்டும் கேட்டேன்.