ஈட்டிக்காரர்களின் ஈயம்

தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்ட மழைக்காலத்தில், எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் ஒரு போர் தொடங்கியது. அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பத்து. நான்கு அடி நடந்தாலே மூச்சிரைக்கும் என்பதால் பாயிலேயே கிடந்தான். எங்களோடு இருந்த தாய்மாமா வீச்சுவலையில் மீன் பிடிப்பவர். அவன் பொழுது போகட்டும் என்று ஈயத்தை உருக்கிக் களிமண் அச்சில் ஊற்றி, விரல் உயரத்தில் இரண்டு படைகளை வார்த்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்த டப்பிங் படத்து மாயப்போர்தான் அவற்றுக்கு மாதிரி. கிரீடம் வைத்த ராஜாவும் ஈட்டிக்காரர்களும் தம்பிக்கு. கொம்பு முளைத்த அரக்கர்கள் எனக்கு.

சட்டங்களையும் மாமாவே வகுத்தார். ஒரு வீரன் ஒரு முறைக்கு மூன்று தீக்குச்சி நீளம் நகரலாம். தாயக்கட்டையில் பெரிய எண் போட்டவர் எதிரியைச் சாய்க்கலாம். நான் நன்றாகவே ஆடினேன். ஆனால் ஒவ்வொரு காலையிலும் தம்பியின் பக்கம் புதிதாக இரண்டு மூன்று ஈட்டிக்காரர்கள் முளைத்திருந்தார்கள். என் அரக்கர்கள் மட்டும் பன்னிரண்டைத் தாண்டவே இல்லை.

“இன்னா மாமா, அவனுக்கு மட்டும் ஆளு வந்துகினே கீது?”

“ராஜான்னா நாலு பேரு வந்து சேருவான் கண்ணு. அரக்கனுக்கு எவன் வருவான்?”

“அக்காவுக்குக் காண்டு மாமா” என்று இருமலுக்கிடையே சிரித்தான் தம்பி.

அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் தூங்கிய ஒரு மதியத்தில் ராஜாவை எடுத்துப்போய், அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்களுக்கு அருகே கழிமுகத்தில் எறிந்தேன். விழித்தவன் தலையணையைப் புரட்டித் தேடினான், அழவில்லை. “ராஜா வேட்டைக்குப் போய்கீறான் நைனா” என்ற மாமா, மறுநாளே இன்னொரு ராஜாவை வார்த்து வந்தார். தம்பி அதை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இவன் அவன் இல்ல மாமா. அவனுக்கு மூக்கு ஒடஞ்சிருக்கும்.”

ஆனாலும் முன்வரிசையில் நிறுத்திக்கொண்டான். என்னை எதுவும் கேட்கவில்லை.

நான்காம் நாள் அவன் இறந்துபோனான். மாமா அவனுடைய படை முழுவதையும் பள்ளிக்கூடப் பையில் போட்டு, குழியில் அவன் பக்கத்தில் வைத்தார். “தொணைக்குப் போவட்டும்” என்றார். என் அரக்கர்களைப் பற்றி யாருக்கும் நினைவில்லை.

சில வாரங்கள் கழித்து மாமா மீண்டும் வலையெடுத்தபோது நானும் கூடப் போனேன். வீசிய வலை அமிழாமல் தண்ணீர்மேல் பரந்து கிடந்தது. மீன்கள் அடியில் நழுவிப் போயின.

“இன்னா மாமு, வலை வீசுறியா, கொடை விரிக்கிறியா?” என்று கரையிலிருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மாமா வலையைச் சுருட்டினார். அதன் விளிம்பில் ஈயக்குண்டுகள் இருந்த இடமெல்லாம் வெறும் முடிச்சுகள். அவற்றை எண்ணிப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். என் பன்னிரண்டு அரக்கர்களும் வீட்டில், என் துணிப்பெட்டியின் அடியில் பத்திரமாக இருந்தார்கள்.