துப்பாக்கிக் கம்பெனியும் எங்கள் விஜயாவும்

அன்று சனிக்கிழமை. ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் எதிர் வீட்டில் இருக்கும் விஜயா, வேலை முடிந்து தன் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, எங்க லைனை மூடுறாங்க லா."

கல்யாணத்துக்கு முன்பே அந்த ஃபேக்டரியில் சேர்ந்தவள் அவள். அப்போது அங்கே எலக்ட்ரானிக் டைப்ரைட்டர் செய்துகொண்டிருந்தார்கள். அது போய் கீபோர்டு வந்தது. அதுவும் போய் பிரிண்டர் வந்தது. இப்போது பிரிண்டருக்கும் மூடுவிழா. அந்த இடத்தில் டேட்டா சென்டர்களுக்கு சர்வர் செய்யும் புது லைன் வருகிறதாம். ஜொகூரில் இன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் டேட்டா சென்டர்தானே... செம்பனைத் தோட்டம் இருந்த இடத்தில்கூட!

"புது லைன்ல உன்னைப் போட மாட்டாங்களா?"

"டிரெய்னிங் குடுக்குறாங்க. நாப்பத்தஞ்சு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மட்டும். எனக்குத்தான் அம்பது தாண்டிடுச்சே."

அவள் கணவர் முதுகுவலியால் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டார். மகள் இன்னும் படிக்கிறாள். விஜயாவின் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. அவளைத் தெருமுனையில் இருக்கும் மாமாக் டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? தகவல் சொல்வார்கள். நான் அந்த ரகம். நான் எழுதும் இந்தப் பத்திக்காக அந்த வாரம் முழுக்க டைப்ரைட்டர், கம்ப்யூட்டர் கம்பெனிகளின் பழைய கதைகளைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதையே ஆரம்பித்துவிட்டேன்.

"தெரியுமா விஜயா? முதன்முதல்ல கடையில நல்லா வித்த டைப்ரைட்டரைச் செஞ்சது ஒரு துப்பாக்கிக் கம்பெனி!"

"அலமாக்! துப்பாக்கியா?"

ஆமாம், துப்பாக்கிதான். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்தது. துப்பாக்கிக்கு ஆர்டர் குறைந்தது. அந்தக் கம்பெனி தையல் மெஷின் செய்தது. அடுத்து டைப்ரைட்டரில் இறங்கியது. இறைச்சி வெட்டும் மெஷின், தராசு, ஃபேக்டரிக்குள் நுழையும்போது கார்டு அடிக்கும் கடிகாரம் — இவற்றையெல்லாம் விற்ற இன்னொரு கம்பெனி, பின்னாளில் கம்ப்யூட்டர் உலகத்துக்கே ராஜா ஆனது. இங்கிலாந்தில் ஊர் ஊராக டீக்கடை நடத்திய ஒரு கம்பெனி இருந்தது. ஆபீஸ் கணக்கு பார்க்க ஆள் போதவில்லை என்று, சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரையே கட்டிவிட்டது!

விஜயா, தே தாரிக் டீயைத் தூக்கித் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தெம்பு வந்தது. மாறத் தெரிந்த கம்பெனிகள் பிழைத்தன, டைப்ரைட்டரை விட்டால் உலகம் ஏது என்று இருந்தவை காணாமல் போயின என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன்.

அவள் நிறுத்தினாள்.

"கம்பெனி மாறிடுச்சு, சரி. அங்க வேலை செஞ்ச ஆளுங்க என்னா ஆனாங்க அக்கா? அவங்களையும் கூட்டிட்டுப் போனாங்களா, வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?"

நினைவில் தேடினேன். படித்ததில் எல்லாம் முதலாளிகள் இருந்தார்கள், மெஷின்கள் இருந்தன. மெஷினுக்கு முன்னால் நின்றவர்கள் இல்லை.

அப்போதுதான் ஒன்று பொறி தட்டியது. அந்த முதல் டைப்ரைட்டரின் படத்தைப் போனில் தேடி எடுத்தேன். மேலே பூ வரைந்திருந்தது. கீழே தையல் மெஷினுக்கு இருப்பது போலவே ஒரு கால் மிதி. மிதித்தால் அடுத்த வரிக்குப் போகும். எழுத்து அடிக்கும் மெஷினுக்குப் பூ எதற்கு? கால் மிதி எதற்கு?

"தையல் மெஷின் செஞ்சவங்கதான் இதையும் செஞ்சிருக்காங்க, விஜயா. அவங்களுக்குத் தெரிஞ்ச வேலையைக் கையோட கொண்டுவந்துட்டாங்க."

அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். டீயைக் குடித்தோம், வீடு திரும்பினோம்.

புதன்கிழமை மதியம் போன் வந்தது. குரல் படபடத்தது.

"அக்கா, மீட்டிங்ல பேசிட்டேன்!"

மேனேஜர் புது லைனைப் பற்றி விளக்கிவிட்டு, கேள்வி உண்டா என்று கேட்டிருக்கிறார். இவள் எழுந்து மலாயில் கேட்டிருக்கிறாள்: டைப்ரைட்டர் போய் கீபோர்டு வந்தது, நாங்கள் கற்றுக்கொண்டோம். பிரிண்டர் வந்தது, அதையும் கற்றுக்கொண்டோம். சர்வர் மட்டும் எங்களுக்கு ஏன் வராது? வயதைப் பார்க்காதீர்கள், டெஸ்ட் வைத்துப் பாருங்கள்.

"ஹால்ல எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்க அக்கா. அப்புறம் பின்னால இருந்து எங்க லைன் மலாய்க்கார அக்கா, காக் ரொஹானி எழுந்து 'பெத்துல்! சரியாத்தான் கேக்குறா'ன்னாங்க. அவங்களப் பாத்து சீன அக்காங்களும் எந்திரிச்சிட்டாங்க!"

மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம் மேனேஜர். அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று தினமும் புலம்பினாள். கடைசியில் அறிவிப்பு வந்தது: வயது வரம்பு இல்லை. டெஸ்டில் தேறுகிற யாரும் வரலாம்.

முதல் டெஸ்டில் விஜயா ஃபெயில்.

கை பழகியிருந்தது, கண் ஏமாற்றிவிட்டது. ஊசிமுனை போன்ற இணைப்புகள் அவளுக்கு மங்கலாகத் தெரிந்திருக்கின்றன. "அவ்வளவுதான் லா, விடுங்க" என்றவளைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பவர் எப்போதோ மாறியிருந்தது. மாற்றினோம். மறுபடி டெஸ்டுக்குப் போனாள். தேறிவிட்டாள்.

எல்லாரும் தேறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காக் ரொஹானி டெஸ்டுக்கே போகவில்லை. பெர்மாஸில் நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோற்றுக் கடை போட்டுவிட்டார். கூட்டம் அள்ளுகிறது. அதுவும் ஒரு புது லைன்தானே?

ஒரு கம்பெனி தன்னை மாற்றிக்கொண்டு பிழைத்தது என்று புத்தகங்களில் சுலபமாக எழுதிவிடுகிறார்கள். கம்பெனி எங்கே மாறுகிறது? ஐம்பது தாண்டிய ஒருத்தி, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி வகுப்பில் போய் உட்காருகிறாள் — அதற்குப் பெயர்தான் மாற்றம்.

இந்தத் திங்கட்கிழமை விஜயா புது லைனில் நின்றாள். சாயங்காலம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு. ஒரு முடிகூட வெளிய தெரியக்கூடாதாம். நல்லதாப் போச்சுக்கா... இனிமே தலைக்கு டை அடிக்க வேணாம்!"